எங்கள் ஓட்டத்தைச் சூதாட்டம் என்று எழுதிய சங்கத்துக்கு

சங்கத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

உங்கள் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. மொத்தமே ஐந்து வரி. ஆண்டு விழாவில் மூன்று வருடமாக நாங்கள் நடத்திவரும் வீடியோ கேம் வேகப் பந்தயத்துக்கு இந்த முறை மண்டபம் கிடையாது, சூதாட்டத் தன்மை உள்ள நிகழ்ச்சிகளை அனுமதிப்பதில்லை என்று குழு முடிவெடுத்திருக்கிறது, கட்டிய முன்பணத்தை அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம். இந்த முடிவை எடுப்பதற்கு முன்னால் எங்களில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

மண்டபம் இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் வருத்தத்தோடு வேறு இடம் தேடியிருப்போம். சூதாட்டம் என்ற சொல்லைத்தான் எங்களால் விழுங்க முடியவில்லை. அந்தக் கடிதத்தின் நகலை எங்கள் ஸ்பான்சர்களுக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். அவர்களில் இரண்டு பேர் மறுநாளே போன் செய்து, "தம்பி, நமக்கு எதுக்குப் போலீஸ் வம்பு" என்று விலகிக்கொண்டார்கள். பதினோராம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவனின் அம்மா, இனி அவன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டார். அந்தப் பையன் எட்டு மாதமாகப் பயிற்சி எடுத்தவன். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

குழப்பம் எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் நோட்டீஸில் 'பந்தயம்' என்று போட்டிருந்தோம். தமிழில் ஓடுவதற்கும் அந்தச் சொல்தான், பணம் கட்டுவதற்கும் அந்தச் சொல்தான். மேலூர் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் என்று நோட்டீஸ் ஒட்டினால் யாரும் சூது என்று நினைப்பதில்லை, ஏனென்றால் வண்டி ஓடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எங்கள் பந்தயத்தை உங்களில் பலர் உட்கார்ந்து பார்த்ததில்லை. அதனால் அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன்.

ஒரு கேமை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார் என்பதுதான் ஸ்பீட்ரன். டூம் என்ற கேம் 1993இல் வந்தபோது ஆட்டத்தை அப்படியே பதிவுசெய்து வைக்கும் வசதி அதிலேயே இருந்தது. ஆட்டக்காரர்கள் அந்தப் பதிவுகளை ஒருவருக்கொருவர் அனுப்பி நேரத்தை ஒப்பிட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக இப்படி ஓடுகிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ். டிவி கேம் கேசட்டில் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் விளையாடிய அதே மரியோ. அதில் எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம், மொத்தம் 32. குறுக்கு வழி தெரிந்தவர்கள் எட்டே கட்டத்தில் முடித்துவிடுவார்கள். உலகத்திலேயே வேகமான ஆட்டக்காரர் 2021இல் அதை 4 நிமிடம் 55 வினாடிக்குள் கொண்டுவந்தார். எங்கள் மேடையில் போன வருடம் ஜெயித்த நேரம் 5 நிமிடம் 12 வினாடி.

குறுக்கு வழியே இல்லாமல் 32 கட்டத்தையும் ஓடும் பிரிவும் உண்டு. அதற்கு உலகத் தரத்தில் ஓடுபவர்களுக்கே சுமார் 19 நிமிடம் ஆகும். இரண்டையும் ஒன்றாக ஓடவிட முடியாது. மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்துத்தானே விடுகிறார்கள்? அந்த முறையைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்ததால் எங்களுக்கு இது புதிதாகவே இல்லை. என் சித்தப்பா அந்தப் பந்தயங்களில் மைக் பிடிக்கிறவர். எந்த ஊர் வண்டி, சாரதி யார், எந்தத் திருப்பத்தில் முந்தினான் என்று ஓடும் வண்டியிலிருந்தே மூச்சுவிடாமல் சொல்வார். நான் மைக் பிடிக்கக் கற்றது அவரிடம்தான்.

முதல் வருடம், 2023இல், 18 பேர் ஓடினார்கள். அதற்கு நாங்கள் செய்த முதல் வேலை பழைய குழாய் டிவி தேடியது. புது எல்இடி டிவியில் பொத்தானை அமுக்கியதற்கும் திரையில் மரியோ குதிப்பதற்கும் நடுவில் ஒரு சின்னத் தாமதம் வரும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இந்த ஓட்டத்தில் அது ஆளைக் கவிழ்த்துவிடும். பழைய டிவியில் அந்தத் தாமதம் இல்லை. பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினோம். கடைசியில் கை கொடுத்தது 2006க்கு அப்புறம் அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவிதான். உங்கள் மேடையில் வரிசையாக வைத்திருந்த டிவிகளில் பாதிக்கு மேல் அதுதான். ஒரு பாட்டி தன் டிவியைத் தரும்போது, சாயங்காலம் சீரியலுக்குள் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். கொண்டுபோய்க் கொடுத்தோம்.

கேம் பெட்டியையும் அப்படித்தான் பார்த்துச் சேர்த்தோம். திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். சில பெட்டிகள் வினாடிக்கு 50 ஃபிரேமில் ஓடும், சில 60இல். இரண்டையும் கலந்து வைத்தால் ஒருவனுக்கு அநியாயம். அதனால் எல்லோருக்கும் ஒரே வகைப் பெட்டி. ஒவ்வொருவர் கைக்கு நேராகவும் ஒரு போன் கேமரா. எந்தப் பொத்தானை எப்போது அமுக்கினார் என்று பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். சீட்டுக் குலுக்கி ஜெயிக்கும் இடத்தில் இந்தக் கவலைக்கெல்லாம் என்ன வேலை?

அப்புறம் மைக். இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வர்ணனை இல்லாவிட்டால் எங்கள் ஓட்டம் ஊருக்குப் புரியாது. அமெரிக்காவில் 2010 ஜனவரியில் சில நண்பர்கள் சேர்ந்து பழைய கேம்களை வேகமாக முடித்துக் காட்டி நன்கொடை திரட்டினார்கள். கேம்ஸ் டன் குயிக் என்ற அந்த நிகழ்ச்சி வளர்ந்து, 2020 ஜனவரியில் ஒரே வாரத்தில் 30 லட்சம் டாலருக்கு மேல் புற்றுநோய்த் தடுப்புக்காகத் திரட்டியது. அங்கே ஓடுகிறவருக்குப் பின்னால் ஒரு சோபா போட்டிருப்பார்கள். அந்த கேமை அறிந்த இரண்டு மூன்று பேர் அதில் உட்கார்ந்து, இப்போது என்ன செய்யப்போகிறார், அது ஏன் கடினம் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். எங்களிடம் சோபா இல்லை. உங்கள் மண்டபத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் போடும் சிவப்பு நாற்காலிகளைக் கேட்டு வாங்கிப் போட்டோம். மண்டப மேனேஜர் அண்ணன் மறுக்காமல் தந்தார்.

மரியோவில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு கட்டத்தை முடித்ததும் உடனே அடுத்ததற்குப் போக முடியாது. கேம் 21 ஃபிரேமுக்கு ஒரு தடவைதான் கதவைத் திறக்கும், அதாவது ஏறக்குறைய ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒரு தடவை. இதைக் கூட்டத்துக்கு எப்படிச் சொல்வது? "கோரிப்பாளையம் சிக்னல்னு வைங்க. நீங்க கொஞ்சம் முன்னாடியே வந்து நின்னாலும் பச்சை விழுந்தாத்தான் போகலாம். பின்னாடி வந்தவனும் உங்க கூடவே கிளம்புவான். ஆனா பச்சையை விட்டுட்டா அடுத்த பச்சைக்கு நிக்கணும்." இப்படிச் சொன்னதும் முன் வரிசையில் இருந்த பெரியவர்கள் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் "பச்சை கிடைச்சிருச்சா?" என்று அவர்களே கேட்டார்கள். கடைசிக் கோட்டையில் மட்டும் சிக்னல் கிடையாது, அதன் முடிவில் இருக்கும் கோடரியை மரியோ தொட்ட நொடியோடு ஓட்டம் முடிகிறது. அதனால் அங்கே ஒரு ஃபிரேம் வித்தியாசத்தில்கூட ஒருவர் ஜெயிக்கலாம்.

இரண்டாம் வருடம் செல்லூர்ப் பையன் ஒருவன் அரையிறுதிக்கு வந்தான். அவன் அப்பா கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிறவர். வேலை முடிந்து நேராக வந்து, உட்காராமல் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார். நாலாம் உலகத்தின் இரண்டாவது கட்டத்தில் ஒரு குழாய் இருக்கிறது. சும்மா இறங்கினால் காசு அறைக்குப் போகும். மரியோவைத் திரையில் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து சில புள்ளி வலப்பக்கம் தள்ளிக்கொண்டுவந்து இறக்கினால், எட்டாம் உலகத்துக்குப் போகும் அறைக்கே நேராகப் போகலாம். இதை மைக்கில் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். பையன் அந்த இடத்துக்கு வந்தான். அவசரத்தில் போதுமான அளவு தள்ளவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "நடுவுலயே இறங்கிட்டானே!" அவன் அப்பாதான். வாழ்க்கையில் ஒரு தடவைகூட அந்த கேமைத் தொடாதவர், மகன் எங்கே தவறினான் என்பதை எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டார். பையன் மூன்றாவதாக வந்தான். கூட்டம் கலைந்த பிறகு அவர் என்னிடம் வந்து, "அடுத்த தடவ தள்ளிட்டுத்தான் இறங்கணும்னு இவன்கிட்ட நல்லாச் சொல்லிருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் நான் சொன்ன எட்டு மாதப் பயிற்சிக்காரன் இவன்தான். உங்கள் கடிதத்துக்குப் பிறகு அவன் வீட்டில் இப்போது என்ன பேச்சு நடக்கிறது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே வருடம் இறுதி ஓட்டத்தில் கரண்ட் போனது. நாலு பேரில் ஒருவர், திருமங்கலத்திலிருந்து வந்த அக்கா, அப்போது எட்டாம் உலகத்தில் தெளிவாக முன்னால் இருந்தார். ஜெனரேட்டர் எடுப்பதற்குள் எல்லாப் பெட்டியும் அணைந்துவிட்டது. எங்கள் விதிப்படி எல்லோரும் முதலிலிருந்து ஓட வேண்டும். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, மறு ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். தப்பு எங்களுடையது. டிவிக்கெல்லாம் யுபிஎஸ் போட்டிருக்க வேண்டும். போன வருடம் போட்டோம். போன வருடம் வேறொரு சோதனை. முதல் இருவரும் ஒரே சமயத்தில் கோடரியைத் தொட்டதுபோல் இருந்தது. பதிவை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பார்த்து முடிவு சொல்ல நாற்பது நிமிடம் ஆனது. வித்தியாசம் இரண்டு ஃபிரேம். கூட்டம் முழுக்கக் காத்திருந்து கைதட்டியது.

இந்த ஆட்டத்தில் நேர்மை என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. டிராக்ஸ்டர் என்ற அட்டாரி கேமில் 1982இல் பதிவான 5.51 வினாடிச் சாதனை ஒன்று முப்பத்தைந்து வருடம் பட்டியலில் இருந்தது. அந்த நேரம் சாத்தியமே இல்லை என்று கேமின் நிரலை ஆராய்ந்து காட்டிய பிறகு 2018இல் அதை நீக்கினார்கள். அந்த மரபில்தான் நாங்களும் ஓடுகிறோம்.

இப்போது பணம். போன வருடம் 44 பேர், ஆளுக்கு 50 ரூபாய் நுழைவுக் கட்டணம், மொத்தம் 2,200. மத்தியானச் சாப்பாட்டுக்கே அது போதவில்லை. அந்தக் காசிலிருந்து ஒரு ரூபாய்கூடப் பரிசுக்குப் போகவில்லை. முதல் பரிசு பத்தாயிரம், ஒரு செல்போன் கடைக்காரர் கொடுத்தது. இரண்டாம் பரிசு டேபிள் ஃபேன், எலக்ட்ரிக்கல் கடை உபயம். ஜிகர்தண்டாக் கடைக்காரர் 100 டம்ளர் அனுப்பினார். கோயில் டியூப் லைட்டில் உபயம் என்று பெயர் எழுதுகிறார்களே, அதைப்போல ஒவ்வொருவர் பெயரையும் டிவிக்கு மேலே எழுதி வைத்தோம், மைக்கிலும் சொன்னோம். வாடிவாசலில் அண்டா, சைக்கிள், தங்கக் காசு என்று பரிசு கொடுக்கும் கடைக்காரர்கள் உங்கள் சங்கத்திலேயே இருக்கிறீர்கள். அங்கே மைக்கில் பெயர் வாசிப்பதற்கும் இங்கே வாசிப்பதற்கும் என்ன வேறுபாடு?

இதை நான் பொதுவில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. 2024 நவம்பரில் ஒரு ஆன்லைன் ரம்மி ஆப்பின் ஏஜென்ட் எங்களிடம் வந்தார். ஒரு லட்சம் ரூபாய். மேடையில் பேனர், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மைக்கில் பெயர், ஒவ்வொரு நாற்காலியிலும் ஸ்கேன் செய்யும் அட்டை. எங்கள் மொத்தச் செலவே அதைவிடக் குறைவு. அன்று இரவு ஒன்பது பேர் உட்கார்ந்து பேசினோம், பேச்சு ஐந்து நிமிடம்கூட நீளவில்லை. எங்களில் ஒருவருடைய அண்ணன் அப்படி ஒரு ஆப்பில் நகைக்கடன் பணத்தைத் தொலைத்தவர். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், மண்டப வாடகையை உயர்த்திக்கொள்ளலாம் என்று அன்று எங்களிடம் சொன்னவர் உங்கள் குழுவில் ஒருவர். இன்று எங்களைச் சூதாட்டம் என்று எழுதிய கடிதத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. இந்த இடத்தில்தான் எங்களுக்கு மனசு உடைந்தது.

சட்டத்துக்குப் பயப்படுகிறீர்கள் என்றால் அதையும் பார்த்துவிடலாம். தமிழ்நாடு 2022இல் கொண்டுவந்த சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைப் பற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை, அதாவது போட்டியாக நடக்கும் வீடியோ கேம் ஆட்டங்களை, அதிலிருந்து பிரித்து விளையாட்டாக ஏற்கிறது. அதில் நுழைவுக் கட்டணம் இருக்கலாம், திறமைக்குப் பரிசு இருக்கலாம், யார் ஜெயிப்பார் என்று காசு கட்டுவதுதான் கூடாது. நாங்கள் பதிவு பெற்ற இ-ஸ்போர்ட்ஸ் என்று உரிமை கொண்டாடவில்லை. எங்கள் ஓட்டம் ஆன்லைனிலேயே நடப்பதில்லை, உங்கள் மண்டபத்தில் குழாய் டிவியில் நடக்கிறது. பழைய 1930ஆம் வருடச் சூதாட்டத் தடைச் சட்டமும் முழுக்கத் திறமை சார்ந்த ஆட்டங்களை விலக்கியே வைத்திருக்கிறது. சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தையே திறமை சார்ந்தது என்றது. எங்கள் மேடையில் காசு கட்டும் ஆள் ஒருவர்கூட இல்லை. முதல் வருடம் பார்வையாளர் வரிசையில் இரண்டு பேர் தங்களுக்குள் நூறு ரூபாய் கட்ட முயன்றார்கள். மைக்கை நிறுத்தி, அவர்களை வெளியே போகச் சொன்னோம். உங்கள் துணைச் செயலாளர் அண்ணாச்சி அன்று அங்கேயே இருந்தார், அவரைக் கேளுங்கள்.

ஒன்றை மரியாதையோடு கேட்கிறேன். அதே விழாவில் 50 ரூபாய் கூப்பன் விற்றுக் கடைசியில் பானைக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்து ஸ்கூட்டர் கொடுக்கிறீர்கள். சீட்டு விழுந்தவர் அதற்காக எதையும் கற்க வேண்டியதில்லை. போன வருடம் அந்தக் குலுக்கலுக்காகத்தான் சாயங்காலம் ஆறரை மணிக்கு, இறுதி ஓட்டத்தின் நடுவில், என் மைக்கை அணைத்தீர்கள். ஓட்டக்காரர்கள் நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியாது. முந்நூறு பேர் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நாலு சின்னத் திரைகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குலுக்கலை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. எது அதிர்ஷ்டம், எது உழைப்பு என்று குழு ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிட்டு எங்களைப் பற்றி எழுதியிருக்கலாம்.

நாங்கள் கேட்பது இவை. எங்கள் நிகழ்ச்சியைச் சூதாட்டத் தன்மை உள்ளது என்று எழுதியதைச் சங்கம் எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். முதல் கடிதம் யாருக்கெல்லாம் போனதோ அவர்கள் எல்லோருக்கும் திரும்பப் பெறும் கடிதமும் போக வேண்டும். விலகிய இரண்டு ஸ்பான்சர்களிடம் செயலாளர் தாமே பேச வேண்டும். நாங்கள் பேசினால் இப்போது நம்பமாட்டார்கள்.

விழா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி முதல் எட்டு மணி வரை, ஏற்கெனவே ஒப்புக்கொண்டபடி, மண்டபத்தைத் தர வேண்டும். முன்பணத்தை நாங்கள் திரும்ப வாங்கவில்லை, வாங்கவும் போவதில்லை. இரண்டு மைக் எங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும், ஓட்டம் நடக்கும்போது யாரும் அதை அணைக்கக் கூடாது. குலுக்கலை எட்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், நாங்களே கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைத்துத் தருகிறோம்.

பணம் வைத்து ஆடும் எந்த ஆப்பும், எந்தப் பந்தயக் கம்பெனியும் விழாவின் எந்த நிகழ்ச்சிக்கும் ஸ்பான்சராகக் கூடாது என்று சங்கம் ஒரு விதி எழுத வேண்டும். அதில் முதல் கையெழுத்தை நாங்கள் போடுகிறோம். எங்கள் மூன்று வருட வரவு செலவு நோட்டையும் பில்களையும் இந்த மடலோடு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக, கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேராவது அன்று வந்து முன் வரிசையில் உட்கார வேண்டும். தொடக்க ஓட்டத்திலிருந்து இறுதி ஓட்டம் வரை. நாற்காலி போட்டு வைக்கிறோம்.

பதில் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் வேண்டும். சனிக்கிழமை காலையில் வயரிங் ஆளுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், டிவி தருகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

ஓட்டக் குழுவுக்காக,
மூன்று வருடமாக உங்கள் மேடையில் மைக் பிடிப்பவன்
மதுரை